மஞ்சள் கட்டம் நிற்கும் நேரம்

எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு தம்பி கேட்டிருந்தார். “அண்ணே, இப்ப எந்த சாஃப்ட்வேரும் ஒரு அமுக்குல இறங்கிருது. நீங்கள்லாம் என்னத்துக்கு சோர்ஸை வச்சிக்கிட்டு நாள் பூரா மல்லுக்கட்டுனீங்க?” கேலியாகத்தான் கேட்டார். அதன் கீழே நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். போனில் கட்டைவிரலால் எழுதி முடிக்கிற பதில் இல்லை என்பதால் பேப்பரை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவரின் மகன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. மோட்டாருக்குக் காயில் கட்டினேன், டிவி பார்த்தேன், பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தேன். யாரும் கைபிடித்துக் கூட்டிவரவில்லை. ஆங்கிலம் எனக்குப் பஸ் போர்டு மாதிரி. எழுத்துக் கூட்டாமலே எந்த ஊர் போகிறது என்று தெரிந்துகொள்வேன். திரையில் ஓடுகிற பிழைச் செய்திகளையும் அப்படித்தான் படித்தேன். மதுரையில் அந்தக் காலத்தில் சோர்ஸிலிருந்து சாஃப்ட்வேர் கட்டத் தெரிந்த எல்லோரையும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அதில் டிரைவர் பக்கத்து இடம் எனக்கு. பின்சீட்டில் காலை நீட்டி உட்காரவேண்டியவர் என் முதலாளி சிவனாண்டி அண்ணன்.

தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு சாஃப்ட்வேரை எழுதியவர்கள் அதை வெறும் எழுத்தாக, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியே விடுவார்கள். அதுதான் சோர்ஸ். அதை ஒரு மெஷினுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றுவது கம்பைல் செய்வது. எங்கள் கடையில் ‘கட்டுறது’ என்போம். புது மெஷின்களுக்கு ஆயத்தமாகக் கட்டியே வரும். ஆனால் கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை சாஃப்ட்வேர் பழையதாகி, செய்தவர்களே கைவிட்டுவிட்டால், அப்புறம் அதற்கென்று யாரும் எதுவும் கட்டித் தரமாட்டார்கள். பழசைத் தூக்கி எறிய முடியாத வீடுகளும் கடைகளும் உண்டு. புதுசோடு பேசத் தெரியாத ஸ்டிக்கர் வெட்டும் மெஷினோ, ஸ்கேனரோ அதோடு சேர்ந்து கிடக்கும். அந்த இடத்துக்குத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

சிவனாண்டி அண்ணனின் முறையைச் சொல்லவேண்டும். காலையில் பேப்பரில் மின்தடை அறிவிப்பைப் பார்க்காமல் எந்தத் தெருவுக்கும் கிளம்ப மாட்டார். பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாளில் போய் உட்கார்ந்தால், பாதிக் கட்டலில் எல்லாம் போய்விடும். வீட்டுக்குள் போனதும் மெஷினைத் தொடமாட்டார். அதைப் பயன்படுத்துகிறவரை உட்காரவைத்து, எப்போதும் செய்கிற வேலையைச் செய்யச் சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். சாய்மானம் உள்ள நாற்காலி கொடுத்தால் வாங்கமாட்டார், ஸ்டூல்தான். காப்பியைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் எழுந்து வாசலுக்குப் போய்க் குடித்துவிட்டு வருவார்.

கட்டுவதிலும் அவருக்குச் சட்டம் உண்டு. ஒரு சாஃப்ட்வேரைக் கட்ட அதற்கு அடியில் இருக்கிற நூலகங்கள், அதாவது ஏற்கெனவே எழுதி வைத்த பொதுத் துண்டுகள், வேண்டும், அந்த நூலகங்களைக் கட்ட வேறு நூலகங்கள். அடியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வரவேண்டும். எங்கள் புதுச் சாமான் எல்லாவற்றையும் தனியாக ஒரு இடத்தில் வைக்கச் சொல்வார்.

“அவங்க சோத்துப் பானைக்குள்ள கையை விட்ராத சின்னழகு. நம்ம சாமான் நம்ம பையிலயே இருக்கட்டும்.”

மெஷினின் சொந்த நூலகத்தின் மேல் புதுசை எழுதிவிட்டால் அதோடு அந்த மெஷின் எழுந்திருக்காது. அதனால்தான் அப்படிச் சொல்வார். பிழை வந்து திரை முழுக்க வரிகள் ஓடும்போது நான் கடைசி வரியைப் பார்ப்பேன். அவர் என் தலையை மெதுவாக மேலே திருப்புவார். “முதல்ல எங்க தடுக்குச்சுன்னு பாரு. மத்ததெல்லாம் விழுந்த பெறகு போட்ட சத்தம்.” இத்தனை வருஷத்தில் நான் கற்ற பாடங்களில் இதுதான் பெரியது.

இன்னொரு சட்டம், எந்த மெஷினில் ஓடவேண்டுமோ அந்த மெஷினிலேயே கட்டவேண்டும். அலங்காநல்லூரில் வாடிவாசல் நோட்டீஸ் அடிக்கிற ஒரு அச்சகத்துக்காக, எங்களோடு வேலை பார்த்த ஒருவர் அவசரப்பட்டு எங்கள் கடையின் வேகமான மெஷினில் கட்டி, எடுத்துப்போய்ப் போட்டார். திறந்ததுமே செத்தது. எங்கள் மெஷினுக்குத் தெரிந்த சில வேலைகள் அந்தக் கிழட்டு மெஷினுக்குத் தெரியவில்லை. அச்சகக்காரர், “காளையை மதுரையில குளிப்பாட்டி இங்க கொண்டாந்து நிறுத்துனா இது எங்க ஊருக் காளை ஆயிருமா மாப்ள?” என்று கேட்டு அனுப்பினார். அன்றிலிருந்து நாங்கள் ஊர்ஊராகப் போய், வீடுவீடாக உட்கார்ந்துதான் கட்டினோம். கிழட்டு மெஷின் மெதுவாகத்தான் கட்டும். அது கட்டுகிறவரை அந்த வீட்டில் நடப்பதெல்லாம் நம் கண்முன்னால் நடக்கும்.

அப்படி உட்கார்ந்த வீடுகளில் ஒன்று மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கோவிந்தராம் ஐயா வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, எங்களிடம் சுத்தமான மதுரைத் தமிழ். ஐயா தறியை விட்டு வெகுகாலம். மனைவி இல்லை. ஒரே மகள் ருக்மணி. நாங்கள் முதலில் போனபோது அவளுக்கு முப்பது தாண்டியிருக்கும். சிறு வயதிலிருந்தே தசையெல்லாம் ஒவ்வொன்றாக வலுவிழக்கிற நோய். அந்தச் சமயத்தில் வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அவள் சொன்னபடி கேட்டது.

அந்த ஒரு விரலால் அவள் சேலைக் கரைக்கும் முந்திக்கும் டிசைன் வரைந்துகொண்டிருந்தாள். விரலுக்கு அடியில் ஒரு பொத்தான். திரையில் பென்சில், வர்ணம், அழிப்பான் என்று வரிசையாகப் படங்கள் இருக்கும். ஒரு மஞ்சள் கட்டம் அவற்றின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டே போகும். வேண்டியதன் மேல் கட்டம் நிற்கிறபோது அமுக்கவேண்டும். தவறினால் அது மறுபடி சுற்றிவரும்வரை காத்திருக்கவேண்டும். ஒரு மயில் கழுத்து வளைவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும், அவளுக்குப் போகாது. பக்கத்து வீட்டில் இருந்த ஒரு காலேஜ் மாணவன் செய்து கொடுத்த பொத்தான் அது. அவன் வெளிநாடு போய்விட்டான். அந்தப் பொத்தான் அந்தப் பழைய மெஷினோடு மட்டும்தான் பேசியது. இதற்கிடையில் ஜவுளிக்காரர்கள் அனுப்பிய மாதிரிப் படங்கள் புது வகையாக வர ஆரம்பித்தன. அவளிடம் இருந்த வரைகிற சாஃப்ட்வேரில் அவை திறக்கவில்லை. புதுப் பதிப்பு அந்த மெஷினுக்கு ஆயத்தமாகக் கிடையாது.

சிவனாண்டி அண்ணன் வழக்கம்போலப் பின்னால் போய் நின்றார்.

“நீ வேலையைச் செய்யி தாயி. நாங்க சும்மா நிக்கிறோம்.”

“பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி நிக்கிறீங்க. உக்காருங்கண்ணே.”

அண்ணன் சிரிக்கமாட்டார். காது மட்டும் அசையும். அன்றைக்கு அசைந்தது.

அந்த வாரம் முழுக்கப் போனோம். கட்டுகிற கருவியான கம்பைலரே பழசு என்பதால் முதலில் புதுக் கம்பைலரைக் கட்டவேண்டியிருந்தது. பிறகு படம் திறக்கிற நூலகம், எழுத்து வரைகிற நூலகம், ஜன்னல் போடுகிற நூலகம். மெஷினின் நினைவகம் நிறைந்து, டிஸ்க் கரகரவென்று அரைக்கும். ஒரு நூலகம் மூன்று முறை விழுந்தது. மேலே போய் முதல் வரியைப் பார்த்தால் அடியில் ஏதோ ஒன்றைப் பழைய இடத்திலிருந்து எடுத்திருக்கும். வழியை மாற்றிவிட்டு மறுபடியும் கட்டுவோம். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் ஓடுகிற வரிகளை அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார்.

“இது என்ன தம்பி, நிக்காம ஓடுது?”

“அது பேசிக்கிட்டு இருக்குப்பா,” என்றாள் ருக்மணி. “குறுக்க பேசாதீங்க, கோவிச்சுக்கும்.”

கட்டி முடித்தோம். ஜவுளிக்காரர் அனுப்பிய படம் திறந்தது. அந்த நேரம் பார்த்து அவரே போன் செய்தார். ஐயா போனை அவள் காதில் வைத்தார். “நாளைக்குச் சாயங்காலம் வரச் சொல்லுங்க, தயாரா இருக்கும்,” என்று சொன்னாள். அந்தக் குரலில் இருந்த அதிகாரத்தை நான் பெரிய பெரிய ஆபீஸ்களில்கூடக் கேட்டதில்லை. ஐயா எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார். “எல்லாம் போச்சு தம்பி. ஆனா அந்த விரல் மட்டும் அப்பிடியே இருக்கு. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. சாமி அதை மட்டும் விட்டு வச்சிருக்கு.” தெருவில் போகிறவர்கள் யாரைப் பார்த்தாலும் அதையேதான் சொல்வார் என்று பிறகு தெரிந்தது.

பல மாதம் கழித்து எனக்குப் போன் வந்தது. ருக்மணிதான், சின்னக் குரலில். பக்கத்து வீட்டு அக்கா போனைப் பிடித்துக்கொண்டிருந்தார் போல. “அண்ணே, அப்பா வெளிய போயிருக்காரு. கட்டம் வேகமாப் போகுது. பெரியண்ணனைக் கூட்டிக்கிட்டு வாரீங்களா?”

போனோம். அண்ணன் கையைக் கட்டி நின்றார். கட்டம் எப்போதும் போகிற வேகத்தில்தான் போனது. பென்சில் மேல் வந்து நின்றது, நகர்ந்தது. அது நகர்ந்த பிறகுதான் விரல் அமுங்கியது. மறுபடியும் அப்படியே. அண்ணன் பார்த்தார், நானும் பார்த்தேன்.

“கட்டம் வேகமாப் போகலைண்ணே,” என்றாள் அவளே. “எனக்குத் தெரியும். அது நிக்கிற நேரத்தைக் கொஞ்சம் கூட்டி வைங்க. அப்பாகிட்டச் சொல்ல வேணாம்.”

“எதுக்குத் தாயி மறைக்கணும்?”

“நடக்க முடியாமப் போனப்ப ஆஸ்பத்திரியா அலைஞ்சாரு. இடது கை போனப்ப ஒரு மாசம் படுக்கையில கெடந்தாரு. இந்த ஒரு விரலை வச்சுத்தாண்ணே எந்திரிச்சு நடமாடுறாரு. இதுவும் போகுதுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு.”

கட்டம் ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதை அந்த சாஃப்ட்வேரை எழுதியவர் சோர்ஸுக்குள் ஓர் எண்ணாக எழுதி வைத்திருந்தார். சோர்ஸ் நம் கையில் இருந்தால் அந்த எண்ணை மாற்றலாம். மாற்றினால் மறுபடி கட்டவேண்டும். அந்த எண் இருந்த கோப்பை மற்ற கோப்புகள் பாதிக்கு மேல் எட்டிப் பார்த்ததால், ஒரு எண்ணை மாற்றினாலே மத்தியானம்வரை ஓடும். மாற்றிவிட்டுக் கட்ட ஆரம்பித்தோம். கட்டிக்கொண்டிருக்கும்போதே ஐயா வந்துவிட்டார்.

“என்னாச்சு, ஏதும் கெட்டுப்போச்சா?”

எந்த வாடிக்கையாளரிடமும் எந்த மெஷினையும் குறை சொல்லாதவர் சிவனாண்டி அண்ணன். நான் அவர் வாயையே பார்த்தேன்.

“மெஷின் பழசாச்சுல்ல ஐயா,” என்றார். “சுணங்குது. கொஞ்சம் சரிபண்ணி விடுறோம்.”

ஐயா மெஷினைத் தட்டிக் கொடுத்தார். ருக்மணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வருகிறபோது கீழவாசல் சிக்னலில் வண்டியை நிறுத்தினேன். பின்னால் இருந்து அண்ணன் சொன்னார், “பாவம்ப்பா அந்த மெஷினு.”

எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த எண்ணை மெனுவில் வைத்துவிட்டால், வேண்டும்போது அவளே கூட்டிக்கொள்ளலாமே. அதைச் செய்ய எனக்குத் தெரியும், அரை நாள் வேலை. அடுத்தமுறை போனபோது சொன்னேன்.

“மெனுவுல வச்சா அப்பா பாத்துருவாருண்ணே. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒண்ணு விடாமப் படிப்பாரு. நீங்களே வந்து உள்ள வைங்க.”

அப்படியே செய்தோம். அந்தத் தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். உள்ளே வைக்கவேண்டியது ஒன்று இருந்தது. அதற்காகக் கட்டினோம். சில மாதத்துக்கு ஒருமுறை போன் வரும், போவோம், கூட்டுவோம், கட்டுவோம். ஒவ்வொரு முறையும் ஐயாவிடம் அதே பதில். மெஷின் சுணங்குது ஐயா. ஒருமுறை ருக்மணி அவர் காதில் விழும்படியே கேட்டாள், “இந்த மெஷினுக்கு எம்புட்டு வயசுண்ணே ஆகுது? என்னையக் காட்டியும் மோசமா இருக்கு.” ஐயா விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்புறம் ஐயாவே போன் செய்தார். குரலில் கல்யாண வீட்டுக் களை. “தம்பி, ரெண்டு பேரும் ஒரு நடை வாங்க. இனிமே நீங்க அலைய வேணாம்.”

போனால் மேசையில் புது மெஷின். சேலைக்காரர் ஒருவர் மூலமாக வாங்கியிருந்தார். நேராகச் சொருகுகிற மாதிரி புதுப் பொத்தானும் வந்திருந்தது. கடை ஆட்களே வந்து எல்லாம் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். வரைகிற சாஃப்ட்வேர், ஆயத்தமாக வந்தது, திரையில் பளபளவென்று நின்றது. பழைய மெஷின் கட்டிலுக்குக் கீழே போயிருந்தது. ருக்மணி எங்கள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்த்தார்.

“ஐயா, மத்தியானம் வரைக்கும் குடுங்க,” என்றார் அண்ணன். “இதுலயும் நாங்க ஒருதடவை கட்டிக் குடுத்துடறோம். அதுக்கப்புறம் பாப்பா தொடட்டும்.”

“இனி என்னத்தைக் கட்டுறது? கடைப் பையன் ஒரு அமுக்கு அமுக்குனான், இறங்கிருச்சு. பழசுதானப்பா சுணங்குச்சு?”

நாங்கள் சொன்ன சொல்லாலேயே எங்கள் வாயை அடைத்துவிட்டார்.

ஐயா பொத்தானை எடுத்து மகளின் விரலுக்கு அடியில் வைத்தார். அவர்கள் பாஷையில் ஏதோ செல்லமாகச் சொன்னார். மஞ்சள் கட்டம் ஓட ஆரம்பித்தது. சாஃப்ட்வேரை எழுதியவர் முதலில் வைத்த அதே நேரம். பென்சில் மேல் நின்றது, போய்விட்டது. விரல் அதற்குப் பிறகு அமுங்கியது. வர்ணம் வந்தது, போனது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முயன்றாள். கட்டம் ஒரு சுற்றுச் சுற்றிவந்தது. இன்னொரு சுற்று. வேண்டாததெல்லாம் திறந்துகொண்டது, வேண்டியது திறக்கவில்லை.

“புதுப் பொத்தான்ல கோளாறு போல,” என்றார் ஐயா.

குனிந்து, மகளின் விரலை அலுங்காமல் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். தன் விரலைப் பொத்தான் மேல் வைத்தார். கட்டம் பென்சிலுக்கு வந்தது. அமுக்கினார். பென்சில் வந்தது. வர்ணத்துக்கு அமுக்கினார். வர்ணம் வந்தது. மூன்றாவது ஒன்றையும் அமுக்கிப் பார்த்தார். அதுவும் வந்தது.

அதன்பிறகு அவர் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. அமுக்கவில்லை. கட்டம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ருக்மணி அப்பாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். சந்தில் ஒரு தள்ளுவண்டிக்காரர் கீரை விற்றுக்கொண்டு போனார்.

ஐயா நிமிர்ந்தார். அவர்கள் பாஷையில் பேசவில்லை. எங்களுக்கும் கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தமிழில் சொன்னார்.

“இந்தப் புது மெஷின் சரியில்லை. திருப்பிக் குடுத்துருவோம்.”

அவரே கீழே உட்கார்ந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய மெஷினை இழுத்தார். நான் கைகொடுத்தேன். அண்ணன் வயர்களைச் சொருகினார். பழைய பொத்தானை ஐயா தன் வேட்டி நுனியால் துடைத்து மகளின் விரலுக்கு அடியில் வைத்தார். மெஷின் எழுந்து நிற்க வெகுநேரம் ஆனது. மஞ்சள் கட்டம் நாங்கள் வைத்த நேரத்தில் நின்று நின்று நகர்ந்தது. ருக்மணி பென்சிலைப் பிடித்தாள். முதல் கோடு விழுந்ததும் ஐயா சமையற்கட்டுக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த போன் ருக்மணியிடமிருந்து வரவில்லை. ஐயா பேசினார்.

“மெஷின் சுணங்குது தம்பி. வந்து கொஞ்சம் கூட்டிக் குடுத்துட்டுப் போங்க.”

சிவனாண்டி அண்ணனுக்கு முழங்கால் வலி, வண்டியில் ஏறி உட்கார முடியாது. நான் மட்டும் போனேன். ருக்மணி நன்றாக இளைத்திருந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். பிறகு சோர்ஸைத் திறந்து அந்த எண்ணுக்குப் போனேன். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இந்தமுறை எது என்ன என்று கேட்கவில்லை. அவருக்கு எந்த வரி என்று தெரிந்திருந்தது.

“முதல்ல எம்புட்டு இருந்துச்சு?”

சொன்னேன்.

“இப்ப எம்புட்டு வைக்கப் போறீங்க?”

சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இன்னும் கொஞ்சம் சேத்தே வச்சிருங்க தம்பி. உங்களையும் அடிக்கடி அலைய விட வேணாம்.”

நான் அந்த எண்ணை அழித்துவிட்டு வேறொன்று போடக் கையை வைத்தேன்.

“அம்புட்டு வேணாம்ப்பா,” என்றாள் ருக்மணி கட்டிலிலிருந்து. எங்கள் முதுகுக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். “கட்டம் நின்னுக்கிட்டே இருந்தா வேலை எப்ப முடியும்? நீங்க வைக்கப் போறதாச் சொன்னதையே வைங்கண்ணே. இப்போதைக்கு அது போதும்.”

ஐயா அவளிடம் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். நான் அவள் சொன்ன எண்ணையே வைத்து, கட்டிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் கிளம்பினேன். அன்று அவள் ஒரு கரையில் மாங்காய்ப் பிஞ்சு வரைந்துகொண்டிருந்தாள்.

அந்த எண்ணை மாற்றச் சொல்லி அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் என்னைக் கூப்பிடவில்லை.